நாலு பேர்

2022 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஆஸ்டின் நகரின் வடமேற்கில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் இருக்கும் மருந்துக்கடையின் டிரைவ்-த்ரூ சன்னலில் காரை நிறுத்தியிருந்தேன். பின் இருக்கையில் ஐந்து வயது மகள். எனக்குப் பின்னால் இரண்டு கார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். கணினியைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தாள். அவர் மைக் அருகே குனிந்து, இந்த மாத்திரை எதற்காக என்று கேட்டார். கேள்வி வெளியே இருந்த ஒலிபெருக்கி வழியாக வந்தது.

மிசோப்ரோஸ்டால் என்பது மாத்திரையின் பெயர். வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து. கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை நிறுத்த அதைக் கொடுக்கிறார்கள். கருச்சிதைவு தானாக முழுமையடையாதபோதும் கொடுக்கிறார்கள். கருக்கலைப்புக்கும் அதே மாத்திரைதான்.

எனக்கு ஒன்பதாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஏழாவது வாரத்திலேயே வளர்ச்சி நின்றுபோயிருந்தது. மருத்துவர் அன்றைக்கே அதை என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்து, இன்னொரு மருத்துவரும் பார்த்த பிறகுதான் மருந்து எழுதித் தர முடியும் என்றார். "எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கோப்பில் இருக்க வேண்டும்" என்றார். அந்த ஒரு வாரமும் நான் சமைத்தேன், மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், துணி மடித்தேன். உள்ளே உயிரில்லை என்று தெரிந்துகொண்டே குனிந்து நிமிர்ந்தேன்.

மைக்கில் கேட்டவருக்கு, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மகளுக்குத் தமிழைவிட ஆங்கிலம்தான் சட்டென்று புரியும். "யார் பாப்பா, அம்மா?" என்றாள். மருத்துவரிடம் பேசி உறுதி செய்யாமல் தர முடியாது, மருத்துவமனை அலுவலகம் மூடிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார் அவர். மறுநாள் மதியம் மாத்திரை கிடைத்தது.

அவர் மீது அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. டெக்சாஸ் சட்டப்படி, தானாக இறந்துபோன கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது. அவர் மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். மருத்துவரும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டாம். சட்டத்தின் வாசகம் எங்கள் மூவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் வாசகத்தைப் படித்துவிட்டா மனிதர்கள் பயப்படுகிறார்கள்?

*

2021 செப்டம்பர் 1 அன்று டெக்சாஸில் செனட் மசோதா 8 நடைமுறைக்கு வந்தது. கருவில் துடிப்பு தெரியத் தொடங்கும் ஏறக்குறைய ஆறாவது வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பு கூடாது என்றது. மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனால் அதுதான் ஆறாவது வாரம். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அதற்குள் தெரியாது.

ஆனால் இந்தச் சட்டத்தின் புதுமை ஆறு வாரக் கணக்கில் இல்லை. அதை நிறைவேற்றும் வேலை போலீசுக்கோ அரசு வழக்கறிஞருக்கோ தரப்படவில்லை. அரசு ஊழியர் அல்லாத யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். கலைப்பைச் செய்தவர் மீது, அதற்கு உதவியவர் மீது, பணம் கொடுத்தவர் மீது. வழக்குப் போடுபவருக்கு அந்தப் பெண்ணோடு எந்த உறவும் இருக்கத் தேவையில்லை. ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர், வழக்குச் செலவு தனி. பெண் மீது மட்டும் வழக்குப் போட முடியாது. அவளைச் சுற்றி இருக்கும் எல்லோர் மீதும் போடலாம். மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற குற்றத்துக்குத் தங்கள் ஓட்டுநர்கள் மாட்டினால் வழக்குச் செலவை ஏற்பதாக ஊபரும் லிஃப்டும் அந்த மாதமே அறிவிக்க வேண்டியிருந்தது. தகவல் சொல்வதற்கென்றே ஓர் இணையதளமும் வந்தது.

அமெரிக்கச் சட்ட நிபுணர்கள் இதைக் கேள்விப்படாத தந்திரம் என்று எழுதினார்கள். சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரி என்று யாரும் இல்லாததால், நீதிமன்றத்தில் யாரைத் தடுத்து நிறுத்தக் கேட்பது என்பதே தெளிவாக இல்லை என்றார்கள். நான் அதைப் படித்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. இதற்கு எங்கள் ஊரில் பெயரே உண்டு. நாலு பேர்.

'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற ஒரே வரியில்தான் என் தாவணியின் நீளமும், நான் வீடு திரும்ப வேண்டிய நேரமும், யாரோடு பேசலாம் என்பதும் முடிவாயின. அந்த நாலு பேரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வந்து கேட்கவும் மாட்டார்கள். கேட்கக்கூடும் என்ற பயத்திலேயே அம்மா முந்திக்கொண்டு கேட்பாள். தமிழ்ப் பெண்ணுக்கு இந்தக் காவல் துறையின் செயல்முறை தெரியும். டெக்சாஸ் அதற்குச் சம்பளம் நிர்ணயித்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டம் வந்த முதல் மாதத்தில், சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஆலன் பிரெய்ட் என்ற முதிய மருத்துவர், தான் அந்த வரம்புக்குப் பிறகு ஒரு கலைப்பைச் செய்ததாகப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். உடனே வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ஆர்கன்சாவில் இருந்தார், இன்னொருவர் இல்லினாயில். அந்தப் பெண் யாரென்றே இருவருக்கும் தெரியாது. 2022 டிசம்பரில், சம்பந்தமில்லாதவர் வழக்குப் போட முடியாது என்று நீதிபதி ஒருவர் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அதற்குள் சட்டம் தன் வேலையை முடித்திருந்தது. வழக்கு நடக்க வேண்டும் என்ற அவசியமே அதற்கு இல்லை. மருந்துக்கடைக்காரர் மைக்கில் கேட்டால் போதும்.

*

இதே நாலு பேரின் இன்னொரு முகத்தை ஏழு மாதம் முன்னால்தான் நான் பார்த்திருந்தேன்.

2021 பிப்ரவரி 15 அதிகாலை. பனிப்புயலில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. டெக்சாஸின் பெரும்பகுதி, நாட்டின் மற்ற மாநிலங்களோடு பெரிதாக இணையாத தனி மின்கட்டமைப்பில் ஓடுகிறது. மாநில எல்லையைத் தாண்டாவிட்டால் வாஷிங்டனின் கட்டுப்பாடு இல்லை என்பதற்காகவே அப்படி வைத்துக்கொண்டார்கள். எங்களை யாரும் ஆள வேண்டாம் என்ற அந்தப் பெருமையின் விலை அந்த வாரம் தெரிந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள்.

எங்களுக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. மின் அடுப்பு என்பதால் சமையலும் இல்லை. பிறகு குழாயில் தண்ணீரும் நின்றது. பனியை வாளியில் அள்ளி வந்து உருக வைத்துக் கழிப்பறையில் ஊற்றினோம். அப்போது எதிர் வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். அவர் வீட்டில் கேஸ் அடுப்பு. "குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமே" என்று கேட்டு, காலையும் மாலையும் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கொடுத்தார். நான் அவர் அடுப்பில் ரசம் வைத்து அவருக்கும் கொடுத்தேன். வழுக்கும் தெருவை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார். அவர் வீட்டுப் புல்தரையில் குடியரசுக் கட்சியின் பலகை இருந்தது. கருவிலிருக்கும் உயிரைக் காப்போம் என்று அவருடைய தேவாலயம் கொடுத்த பலகையும் இருந்தது. அந்த வாரம் நான் எதையும் படிக்கவில்லை.

கருச்சிதைவுக்குப் பிறகு படித்தேன். தினமும் படித்தேன். நான் கருவுற்றிருந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஏன் சில நாளாகக் காணோம் என்று கேட்டபோது ஃபுளூ என்றேன். அவர் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். நான் செய்ததில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, அவர் என்னை ஒரு வார்த்தை தவறாகக் கேட்டதும் இல்லை. ஆனாலும் குப்பைப் பையில் அந்த மாத்திரை அட்டை தெரியாமல் காகிதத்தில் சுற்றிப் போட்டேன். இரண்டரை வருடம் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

*

திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கடையில் ஏன் எதற்கு என்று கேட்டார்கள் என்று நான் அழுதபோது அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க உங்கிட்ட ஏன்னாவது கேட்டாங்க. என்னை யாரு கேட்டா?" என்றார்.

1993இல் அத்தைக்கு மூன்றாவது கரு. முதல் இரண்டும் பெண். ஸ்கேன் எடுத்தார்கள், மாமியார் முடிவு செய்தார், மாமா கையெழுத்துப் போட்டார். இந்தியாவில் 1971லிருந்தே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. டெக்சாஸில் தொடங்கிய ரோ எதிர் வேட் வழக்கில் அமெரிக்கப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். அத்தைக்கு முப்பது வருடமாக அந்த மருத்துவமனை இருக்கும் தெருவைக் கடந்தால் வயிறு இழுக்கும்.

இங்குள்ள தோழிகளிடம் இந்தியச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் அன்றோடு எனக்குப் போனது. கலைக்கச் சொல்வதும் கலைக்கக் கூடாது என்பதும் எதிரெதிர் நிலைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் முடிவெடுக்கும் அறையில் அவள் இல்லை.

*

அந்த அறைக்குள் நுழைய டெக்சாஸ் பெண்கள் செய்த முயற்சிகள் கொஞ்சமல்ல. ரோ வழக்கை உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலில் வாதாடியபோது சாரா வெடிங்டனுக்கு வயது 26. ஆஸ்டினில்தான் சட்டம் படித்தார், ஆஸ்டின்காரர்கள்தான் அவரைச் சட்டமன்றத்துக்கும் அனுப்பினார்கள். 2021 டிசம்பரில், புதிய சட்டம் வந்த நாலாவது மாதத்தில் இறந்தார். 2013 ஜூன் 25 அன்று செனட்டர் வெண்டி டேவிஸ் ஒரு கருக்கலைப்புத் தடை மசோதாவைத் தடுக்க மாநிலச் செனட்டில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம் நின்றபடி பேசினார். சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பது விதி. அவரைப் பேச்சை நிறுத்த வைத்த பிறகு மாடத்தில் இருந்த பெண்கள் நள்ளிரவு தாண்டும் வரை கூச்சலிட்டு வாக்கெடுப்பைக் காலாவதியாக்கினார்கள். மறு மாதமே இன்னொரு சிறப்புக் கூட்டத்தில் அதை நிறைவேற்றினார்கள். அன்று மாடத்துக்கு வந்த பெண்களின் பைகளைச் சோதித்து டாம்பன்களைப் பறிமுதல் செய்தார்கள். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோகத் தடை இல்லை.

நான் அடுத்த வருடம்தான் இந்த ஊருக்கு வந்தேன். எச்-4 விசாவில், கணவரின் வேலையைத் தொற்றிக்கொண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் நகரமும் மாநிலமும் சண்டை போடுவதை அருகில் இருந்து பார்க்கிறேன். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிறது. அது கூடும் குவிமாடக் கட்டடமும் ஆஸ்டினில்தான் இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டும் நகர மன்றமும் ஒரு மைல் தள்ளி அதே ஊரில்தான். 2022இல் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்து, டெக்சாஸில் ஏறக்குறைய முழுத் தடை வரவிருந்தபோது, கருக்கலைப்பு விசாரணைக்குப் போலீஸ் கடைசி முக்கியத்துவமே தர வேண்டும் என்று ஆஸ்டின் நகர மன்றம் தீர்மானம் போட்டது. அதை வீட்டிலிருந்து நேரலையில் பார்த்து அழுதேன். ஒரு நகரத்தால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மறு வருடம் சட்டமன்றம் நகரங்களின் கையைக் கட்ட இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளர், வணிகம் போன்ற பல துறைகளில் மாநிலச் சட்டத்துக்கு மேல் நகரங்கள் விதி செய்யக் கூடாது என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்று ஆஸ்டினும் டாலஸும் வைத்திருந்த விதிக்கும் அது ஆபத்தானது. ஆஸ்டினில் நாற்பது நாளுக்கு மேல் தொடர்ந்து 100 டிகிரி பாரன்ஹீட் அடித்த கோடை அது. இதிலும் நகரத்தின் மீது வழக்குப் போடும் அதிகாரம் தனியாருக்குத் தரப்பட்டது. எங்களை வாஷிங்டன் ஆளக் கூடாது என்று சொல்லும் அதே வாய், ஆஸ்டின் தன்னை ஆளக் கூடாது என்கிறது. சுதந்திரம் என்ற சொல் மேலே பார்த்தே பேசப்படுகிறது, கீழே ஒரு படிகூட இறங்குவதில்லை.

*

2023இல் ஒருநாள் இரவு ஒரு பெண் கூப்பிட்டாள். தமிழ்நாட்டிலிருந்து மேல்படிப்புக்கு வந்தவள். அவள் அனுமதியோடுதான், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். "அக்கா, ஏழு வாரம் ஆயிடுச்சு. நியூ மெக்சிகோவுல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. ஏர்போர்ட் வரைக்கும் மட்டும் கொண்டுவிட முடியுமா?"

நான் சொன்ன பதில்: "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்மா."

பெண்ணியம் பேசுகிறவள், கூட்டங்களில் கட்டுரை வாசிக்கிறவள் சொன்ன பதில் அது. கணவர் தடுக்கக் கூடியவர் அல்ல. நான் யோசித்தது விசாவைப் பற்றி, கிரீன் கார்டைப் பற்றி, அந்த 10,000 டாலரைப் பற்றி, தமிழ்ச் சங்கத்தில் யார் யாருக்குத் தெரியவரும் என்பதைப் பற்றி. இரவெல்லாம் போனில் சட்டம் படித்தேன். வேறு மாநிலத்துக்குப் போய்ச் செய்துகொள்வது குற்றம் இல்லை. அவளை விமான நிலையத்தில் இறக்கிவிடுவதும் குற்றம் இல்லை. அது தெரிந்த பிறகும் விடியும் வரை கூப்பிடவில்லை. அந்த ஓர் இரவு அவள் எப்படிக் கழித்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஒரு வருடம் முன்னால் மைக்கில் கேட்ட அந்த ஆளின் பயம் இப்போது என் கையில் இருந்தது. நானும் ஒருத்தியை மறுநாள் வரச் சொல்லிவிட்டேன்.

காலையில் கூப்பிட்டேன், கொண்டுபோய் விட்டேன். மறுநாள் மாலை அழைத்துவரப் போனபோது, பெட்டிகள் வந்து சேரும் தளத்தில் பார்பரா ஜோர்டனின் சிலைக்கு அருகில் காத்திருந்தேன். அந்த முனையத்துக்கே அவர் பெயர்தான். ஹூஸ்டன்காரர். இரண்டு முறை தேர்தலில் தோற்று, 1966இல் டெக்சாஸ் செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி யோசனையில் உட்கார்ந்திருக்கிறார். அவள் வந்ததும் என் தோளில் சாய்ந்து, "பசிக்குது அக்கா" என்றாள். தயிர்சாதம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

*

டெக்சாஸில் மக்கள் கையெழுத்துத் திரட்டி மாநிலம் முழுவதற்கும் ஒரு கேள்வியை வாக்கெடுப்புக்கு விட வழி இல்லை. கான்சஸிலும் ஒஹையோவிலும் மக்களிடம் கேட்டார்கள், இங்கே கேட்கவே மாட்டார்கள். ஆனால் பல நகரங்களில் அந்த வழி உண்டு. அதைப் பயன்படுத்தித் தடைக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கருக்கலைப்புக்காக வேறு மாநிலம் போகும் பெண்ணை எங்கள் சாலை வழியாக ஏற்றிச் செல்பவர் மீது யாரும் வழக்குப் போடலாம் என்று விதி செய்யச் சொன்னார்கள். லபக் மாவட்டம் அப்படி ஒரு விதியை ஏற்றது. வடக்கே இருக்கும் அமரில்லோவில் நகர மன்றம் ஏற்க மறுத்ததால், 2024 நவம்பர் 5 அன்று அது மக்கள் வாக்குக்குப் போனது. டிரம்புக்கு அள்ளிக் கொடுக்கும் ஊர் அது. அன்றும் கொடுத்தது. அதே வாக்குச்சீட்டில் இந்த விதியைப் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் நிராகரித்தார்கள். அங்குள்ள பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியது கருக்கலைப்பு சரியா தவறா என்பதைப் பற்றி மட்டுமல்ல, அக்கம்பக்கத்தார் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போடும் ஊரில் வாழ வேண்டுமா என்பதைப் பற்றியும்தான்.

அந்தச் செய்தியைப் படித்த வார இறுதியில் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். எதிர் வீட்டு மூதாட்டிக்கு எழுபத்தொன்பது வயதாகியிருந்தது. 2022இல் எனக்கு ஃபுளூ இல்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "என் பலகை பிடிக்காமல்தான் நீ வருவதை நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன்" என்றார். அது உண்மைதான் என்றேன். அவர் பலகையை எடுக்கவில்லை. ஓட்டையும் மாற்றியிருக்க மாட்டார். ரசத்தில் மிளகு அதிகம் என்றார்.

2025 டிசம்பரில் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கலைப்பு மாத்திரைகளைத் தயாரித்து, அனுப்பி டெக்சாஸுக்குள் கொண்டுவருபவர்கள் மீது தனியார் வழக்குப் போடலாம். இந்த முறை குறைந்தது 1,00,000 டாலர். நாலு பேர் போடும் வழக்கின் தொகை பத்து மடங்கு ஏறியிருக்கிறது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. 'யார் பாப்பா?' என்று அன்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த விடுமுறையில் சொல்லப்போகிறேன். அவள் இங்கே பிறந்தவள். 2034 நவம்பரில் ஆளுநர் தேர்தல் வரும்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஓட்டுப் போடப்போகும் முதல் ஆள் அநேகமாக அவள்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நான் கூப்பிடாமல் இருந்த அந்த ஓர் இரவு உட்பட.